ஏஐ எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது? கணக்கை நாமே போட்டுப் பார்க்கும் முறை

சாட்ஜிபிடியிடம் ஒரு கேள்வி கேட்டால் அரை லிட்டர் தண்ணீர் போய்விடுகிறது என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சொல்கிறது. ஐந்து சொட்டுக்கு மேல் போகாது என்று ஒரு நிறுவனத்தின் அறிக்கை சொல்கிறது. இரண்டுக்கும் அடியில் உண்மையான கணக்கு ஒன்று இருக்கிறது, ஆனால் இரண்டுமே அந்தக் கணக்கின் ஒரு மூலையை மட்டுமே காட்டுகின்றன. இப்படி ஓர் எண் கண்ணில் பட்டதும் நம்புவதா தள்ளுவதா என்று தடுமாறாமல், ஒரு தாளில் அதைப் பிரித்துப் பார்ப்பது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு இயற்பியலும் பெருக்கல் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் சூட்டைக் கணக்கிடுங்கள்

நாம் கேட்கும் கேள்விக்குப் பதில் தயாராவது சர்வர் என்ற கணினிகளில்; அவை ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்ட கட்டடம்தான் டேட்டா சென்டர். சர்வருக்குள் போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றப் பல டேட்டா சென்டர்கள் கையாளும் வழி நம் வீட்டு மண்பானையின் வழிதான். பானையின் மேல்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கட்டட மாடியில் நிற்கும் கூலிங் டவரிலும், சர்வர்களின் சூட்டைச் சுமந்து வந்த நீர் மேலிருந்து சிதறி விழ, அதில் ஒரு பங்கு ஆவியாகிவிட, மிச்சம் குளிர்ந்து கீழே தொட்டியில் சேர்கிறது.

30 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,430 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 3,600 கிலோஜூல். வகுத்துப் பார்த்தால், ஒரு யூனிட் சூட்டை முழுக்க முழுக்க ஆவியாதல் மூலமே வெளியேற்றும் இடத்தில் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் நீர் காற்றோடு போகும் என்று தெரிகிறது. இந்த ஒன்றரை லிட்டர் எந்த நிறுவனமும் தந்த எண் அன்று, இயற்கையின் எண். ஆகவே எந்த அறிக்கையையும் உரசிப் பார்க்க இதையே உரைகல்லாக வைத்துக்கொள்ளலாம்.

டேட்டா சென்டர்காரர்களும் இதே அளவுகோலைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் என்ற விகிதத்தை ‘தி கிரீன் கிரிட்’ என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு 2011-இல் முன்வைத்தது. மைக்ரோசாஃப்ட் 2024 நிதியாண்டுக்கான தன் சராசரியை 0.30 லிட்டர் என்று அறிவித்தது. இது ஒன்றரை லிட்டரில் ஐந்தில் ஒரு பங்குதானே, எப்படிச் சாத்தியம் என்று கேட்கலாம். உலகின் பல மூலைகளில் இருக்கும் மையங்களைச் சேர்த்துப் போட்ட சராசரி அது. குளிர்ந்த நாடுகளில் ஆண்டின் பெரும்பகுதி வெளிக்காற்றை உள்ளே விட்டாலே போதும், நீர் தேவைப்படாது. ஆகவே அந்தச் சராசரியை எடுத்து வந்து, மே மாதத்து மீனம்பாக்கத்தில் பெருக்கிப் பார்ப்பது தவறு. எந்த ஊர் மையத்தைப் பற்றிப் பேசுகிறோமோ அந்த ஊரின் எண்தான் வேண்டும்.

ஆவியாவது போக, வடிகாலில் போவது

நான் சில ஆண்டுகள் கட்டடக் குளிர்விப்புப் பராமரிப்பு வேலையில் இருந்தவன். காலையில் மாடியேறியதும் முதல் வேலை, நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை டவர் தொட்டியில் நனைத்து எண்ணைப் பதிவேட்டில் எழுதுவது. நீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. அது தொட்டியிலேயே தங்கி, நாளுக்கு நாள் கெட்டிப்படுகிறது. கவனிக்காமல் விட்டால் டவரின் உள் அடுக்குகளில் சுண்ணாம்புக் காரை போல வெள்ளையாகப் படிந்துவிடும், உளி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். அதனால் உப்பு ஓர் அளவைத் தாண்டியதும் தொட்டி நீரில் ஒரு பகுதியை வடிகாலில் திறந்துவிட்டுப் புதுநீரை நிரப்புவோம். இதற்கு ‘புளோ டவுன்’ என்று பெயர். உள்ளே வரும் நீரைப் போல எத்தனை மடங்கு உப்பு ஏறும்வரை தாங்கலாம் என்பதைத்தான் எத்தனை ‘சைக்கிள்’ ஓட்டலாம் என்று கேட்பார்கள்.

இதற்கான கணக்கு எளிது. சைக்கிள் எண்ணை, அதிலிருந்து ஒன்றைக் கழித்த எண்ணால் வகுத்து, ஆவியாகும் அளவோடு பெருக்கினால் மொத்தம் எடுக்கப்படும் நீர் கிடைக்கும். நல்ல நீரில் 4 சைக்கிள் ஓட்டினால், ஆவியாகும் ஒவ்வொரு 3 லிட்டருக்கும் 4 லிட்டர் எடுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் போர்வெல்லில் 2 சைக்கிள்தான் ஓடும் என்றால் 3 லிட்டருக்கு 6 லிட்டர். கடலோர நிலத்தடி நீரின் தரம் ஒரு கட்டடத்தின் தேவையை ஒன்றரை மடங்காக்கிவிடுகிறது என்பது பெரிய அறிக்கைகளில் காணக் கிடைக்காத, ஆனால் மாடியில் நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். ‘எடுத்த நீர்’ என்பது குழாயிலிருந்தோ கிணற்றிலிருந்தோ உள்ளே வந்தது. ‘நுகர்ந்த நீர்’ என்பது திரும்பி வராமல் ஆவியானது. அறிக்கையில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் இரண்டு நிறுவனங்களை ஒப்பிடக் கூடாது.

ஒரு மையத்தை எடுத்துக் கணக்கிட்டுப் பார்ப்போம்

சர்வர்கள் மட்டும் 10 மெகாவாட் இழுக்கும், கூலிங் டவர் வைத்த ஒரு மையத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு நாளில் 2.4 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் 3.6 லட்சம் லிட்டர் ஆவியாகும். 4 சைக்கிளில் எடுக்கும் நீர் 4.8 லட்சம் லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி 40 நடை; 2 சைக்கிளில் அதுவே 60 நடை. நகரத்தில் ஒரு நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவின்படி, 4.8 லட்சம் லிட்டர் ஏறத்தாழ 3,500 பேருக்கான நீர். இது முழுச் சுமையில் ஓடும் நாளின் கணக்கு; பாதிச் சுமை என்றால் பாதி எடுத்துக்கொள்ளுங்கள். இன்றைய நிலவரத்தில் 10 மெகாவாட் சின்ன மையம். 2025 அக்டோபரில் கூகுள் விசாகப்பட்டினத்தில் அறிவித்த ஏஐ மையம் கிகாவாட் அளவிலானது. ஒரு கிகாவாட் என்பது நம் எடுத்துக்காட்டைப் போல நூறு மடங்கு. அங்கே எந்தக் குளிர்விப்பு முறை என்பதைப் பொறுத்துத் தண்ணீர்க் கணக்கு தலைகீழாக மாறும்.

மாறும் என்று சொன்னேன், ஏனென்றால் கூலிங் டவர் இல்லாமலும் குளிர்விக்கலாம். மூடிய குழாய்களில் ஒரே நீரைச் சுற்றவிட்டு, வெளியே பெரிய விசிறிகள் வைத்துக் காற்றால் சூட்டை வெளியேற்றும் முறை ஒன்று உண்டு. குளிர்விப்புக்கு நீரே ஆவியாகாத வடிவமைப்பைப் புதிய மையங்களில் பின்பற்றப் போவதாக மைக்ரோசாஃப்ட் 2024 டிசம்பரில் அறிவித்தது. ‘சொட்டு நீர்கூட வீணாகாது’ என்ற விளம்பரம் வந்தால் அடுத்த கேள்வியை உடனே கேளுங்கள்: மின்சாரம் எவ்வளவு கூடியது?

மின்சாரத்துக்குள் ஒளிந்திருக்கும் நீர்

நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையமும் கூலிங் டவரில் நீரை ஆவியாக்கித்தான் ஓடுகிறது. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த விதி, பழைய அனல் நிலையங்களுக்கு ஒரு மெகாவாட்-மணிக்கு, அதாவது ஆயிரம் யூனிட்டுக்கு, 3.5 கனமீட்டர் நீர் என்று உச்சவரம்பு வைத்தது. நம் மொழியில் சொன்னால் யூனிட்டுக்கு 3.5 லிட்டர். டேட்டா சென்டரின் கூரையில் ஆவியாவதைப் போல இரண்டு மடங்குக்கு மேல், எங்கோ தொலைவில் ஆவியாகிறது.

நம் 10 மெகாவாட் மையத்துக்கு வருவோம். ஏசி, விளக்கு, யூபிஎஸ் இழப்பு எல்லாம் சேர்த்து சர்வர் மின்சாரத்தைப் போல 1.4 மடங்கு இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 3.36 லட்சம் யூனிட். அது முழுவதும் நன்னீர் பயன்படுத்தும் நிலக்கரி நிலையத்திலிருந்து வந்தால் ஏறத்தாழ 11.8 லட்சம் லிட்டர். இப்போது டவரைக் கழற்றிவிட்டுக் காற்றுக் குளிர்விப்புக்கு மாறியதால் 1.4 என்பது 1.6 ஆனது என்று கொள்வோம். மையத்தில் 4.8 லட்சம் லிட்டர் மிச்சம். கூடுதலாக 48,000 யூனிட் இழுப்பதால் மின்நிலையத்தில் 1.68 லட்சம் லிட்டர் செலவு. இந்திய மின்தொகுப்பின் சராசரி, யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ என்று எடுத்தால், நாளுக்கு 33 டன்னுக்கு மேல் கூடுதல் கார்பன் டைஆக்சைடு. நீரைச் சேமித்த பெயரில் புகையைக் கூட்டியிருக்கிறோம். தண்ணீர்ப் பஞ்சம் உள்ள ஊரில் நான் இந்தப் பேரத்தை ஏற்பேன். ஆனால் பேரம் நடந்திருக்கிறது என்பதை மறைத்துச் சொல்வதை ஏற்க மாட்டேன்.

இந்தப் பகுதியில் பெருக்கல் செய்யும்போது ஊரைப் பார்க்க வேண்டும். மேட்டூர் அனல் நிலையம் காவிரி நீரில் ஓடுகிறது. வட சென்னை, தூத்துக்குடி நிலையங்கள் கடல்நீரால் குளிர்விக்கப்படுகின்றன, அங்கே நன்னீர்ச் செலவு மிகக் குறைவு. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் நீர் கிட்டத்தட்ட வேண்டியதே இல்லை. ஆகவே 3.5 என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு பெருக்காமல், நன்னீரில் ஓடும் நிலக்கரி மின்சாரத்தின் பங்குக்கு மட்டும் போடுங்கள்.

மின்சாரத்துக்குள் இருக்கும் இந்த நீரை விட்டுவிட்டால் எவ்வளவு தவறிப்போகும் என்பதற்கு அமெரிக்கக் கணக்கு ஒன்று போதும். லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2023-இல் அந்நாட்டு டேட்டா சென்டர்கள் தம் வளாகத்தில் நேரடியாக நுகர்ந்த நீர் ஏறத்தாழ 6,600 கோடி லிட்டர். அவற்றுக்கான மின்சாரத்தின் பின்னால் இருந்த நீர் ஏறத்தாழ 80,000 கோடி லிட்டர், நீர்மின் அணைகளில் ஆவியாவதையும் சேர்த்து.

‘ஒரு கேள்விக்கு இத்தனை சொட்டு’ என்பதை வாசிக்கும் விதம்

2025 ஆகஸ்டில் கூகுள், தன் ஏஐயான ஜெமினியிடம் கேட்கப்படும் நடுத்தரமான ஓர் எழுத்துக் கேள்விக்கு 0.24 வாட் மணி (ஆயிரம் வாட் மணி ஒரு யூனிட்) மின்சாரமும் 0.26 மில்லிலிட்டர் நீரும் செலவாவதாகச் சொன்னது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் தலைவர் சாம் ஆல்ட்மன், சாட்ஜிபிடி கேள்விக்கு 0.34 வாட் மணி என்றும் 0.000085 கேலன் என்றும் எழுதினார். கேலனை மாற்றினால் 0.32 மில்லிலிட்டர். 2025 ஜூலையில் பிரான்சின் மிஸ்ட்ரல் நிறுவனம் தன் பெரிய ஏஐ மாதிரியின் (மாடல்) ஒரு பக்க அளவிலான பதிலுக்கு 45 மில்லிலிட்டர் என்றது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தைச் சேர்ந்த ஷாவ்லே ரென் குழுவினர், ஓப்பன்ஏஐயின் பழைய மாதிரியான ஜிபிடி-3-ஐ வைத்துச் சொன்னது, 10 முதல் 50 பதில்களுக்கு அரை லிட்டர். வாட்ஸ்அப்பில் சுற்றும் அரை லிட்டர் இதிலிருந்து வந்ததுதான்; வழியில் யாரோ ‘10 முதல் 50’ என்பதை உதிர்த்துவிட்டார்கள்.

குறைந்த எண்ணுக்கும் கூடிய எண்ணுக்கும் 170 மடங்குக்கு மேல் வித்தியாசம். யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டிய தேவை இல்லை. எல்லைக்கோட்டை எங்கே போட்டார்கள் என்பதுதான் விஷயம், அதை வகுத்தல் மூலம் நாமே கண்டுபிடிக்கலாம். 0.26 மில்லிலிட்டரை 0.24 வாட் மணியால் வகுத்தால் யூனிட்டுக்கு ஏறத்தாழ 1.1 லிட்டர் வருகிறது. நம் உரைகல்லான ஒன்றரைக்குக் கீழே, ஆனால் அதே வட்டாரத்தில். ஆகவே இது டேட்டா சென்டர் வளாகத்துக்குள் போன நீர் மட்டும். மின்நிலையத்தின் நீர் சேரவில்லை. ஆல்ட்மனின் எண்ணை வகுத்தால் 0.95, அதுவும் அப்படித்தான் இருக்க வேண்டும். நம் நிலக்கரிக் கணக்கைச் சேர்த்தால் ஜெமினியின் 0.26 என்பது ஏறத்தாழ 1.1 மில்லிலிட்டராகிவிடும். மிஸ்ட்ரலும் ரென் குழுவும் வளாகத்துக்கு வெளியே உள்ள நீரையும் கணக்கில் எடுத்தவர்கள்; மாதிரியும் பதிலின் நீளமும் வேறு.

‘நடுத்தரமான’ என்ற சொல்லையும் கவனியுங்கள். எல்லாக் கேள்விகளையும் செலவின் வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்பதை எடுத்தார்கள். நீண்ட யோசனை செய்யச் சொல்லும் வேலையின் செலவு அந்த எண்ணில் தெரியாது; படமும் வீடியோவும் அதற்குள் இல்லை. 2023-இல் ஹக்கிங் ஃபேஸ் என்ற ஏஐ நிறுவனம், கார்னகி மெலன் பல்கலைக்கழகம் முதலியவற்றின் ஆய்வாளர்கள் அளந்தபோது, ஆயிரம் முறை எழுத்து உருவாக்கச் சராசரியாக 0.047 யூனிட்டும், ஆயிரம் படம் உருவாக்க 2.9 யூனிட்டும் ஆயின. நம் பங்குக்கு எதையாவது குறைக்க விரும்பினால் இங்கேதான் குறைக்க முடியும்: தேவையில்லாத படத்தையும் வீடியோவையும் உருவாக்காமல் இருப்பது, சின்ன வேலைக்குச் சின்ன மாதிரியைத் தேர்வது. ‘நன்றி’ என்று தட்டச்சு செய்வதற்காக வருந்த வேண்டியதில்லை.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு சிறு சேதி. மாதிரிகள் எழுத்தை ‘டோக்கன்’ என்ற துண்டுகளாக வெட்டித்தான் படிக்கின்றன. துண்டு கூடினால் கணினியின் வேலையும் கூடும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மாதிரி வெளியானபோது ஓப்பன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், ஒரே செய்தி ஆங்கிலத்தில் 27 துண்டாகவும் தமிழில் 116 துண்டாகவும் இருந்தது; புதிய முறையில் அவை 24, 35 என்று இறங்கின. பழைய முறையில் அதே சேதியைத் தமிழில் சொல்ல நான்கு மடங்குக்கு மேல் துண்டுகள் செலவாயின. எந்தக் கருவி நம் மொழியைக் குறைவாக வெட்டுகிறது என்று பார்த்துத் தேர்வதும் ஒரு சிக்கனம்.

சொட்டை விட்டு ஊரைப் பாருங்கள்

சாட்ஜிபிடிக்கு நாளொன்றுக்கு 250 கோடிக் கேள்விகள் வருவதாக 2025 ஜூலையில் ஓப்பன்ஏஐ சொன்னது. 0.32 மில்லிலிட்டரால் பெருக்கினால் 8 லட்சம் லிட்டர். உலகம் முழுவதுக்கும் இவ்வளவுதானா என்று தோன்றும். இந்தக் கணக்கு மயக்குவது இங்கேதான். நீர் உலகத்துக்குப் பொதுவான ஒரு தொட்டியில் இல்லை. அது ஓர் ஊரின் குழாயிலிருந்து, ஒரு மாதத்தில் எடுக்கப்படுகிறது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வெஸ்ட் டி மாயின் நகரத்தருகே ஜிபிடி-4 பயிற்சி பெற்ற மையங்களுக்கு, 2022 ஜூலை மாதம் மட்டும் 1.15 கோடி கேலன், ஏறத்தாழ 4.35 கோடி லிட்டர், போயிருக்கிறது. அந்த நீர் வட்டாரத்தின் பயன்பாட்டில் ஏறத்தாழ 6 விழுக்காடு. ஆண்டுச் சராசரியில் இந்தக் கோடை மாதம் கரைந்து காணாமல் போய்விடும். உருகுவேயில் 2023-இல் வறட்சியால் மொண்டெவிடியோவின் குடிநீரே உப்புக் கரித்த நாட்களில்தான், அங்கே கூகுள் திட்டமிட்ட மையத்துக்கு நாளொன்றுக்கு 76 லட்சம் லிட்டர் நீர் வேண்டும் என்ற விவரம் வழக்குப் போட்டபின் வெளியே வந்தது. பின்னர் திட்டம் காற்றுக் குளிர்விப்புக்கு மாற்றப்பட்டது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் சென்னைக்கு ரயிலேறி வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். நம் கற்பனையில் உள்ள 10 மெகாவாட் மையம் அந்த ரயிலை ஐந்தரை நாளுக்குள் குடித்து முடித்துவிடும்.

‘எடுத்ததைவிட அதிகமாகத் திருப்பித் தருவோம்’ என்ற வாக்குறுதியையும் ஊரோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். நுகரும் நன்னீரில் 120 விழுக்காட்டை 2030-க்குள் ஈடுசெய்வதாகக் கூகுள் சொல்கிறது. எந்த ஆற்றுப்படுகையில் எடுத்து எந்த ஆற்றுப்படுகையில் ஈடுசெய்கிறார்கள் என்று பாருங்கள். வேறு மாநிலத்து ஏரியைத் தூர்வாரினால் சிறுசேரியின் கிணறு ஊறாது.

கார்பன் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக டேட்டா சென்டர்கள் அனைத்தும் 2024-இல் ஏறத்தாழ 41,500 கோடி யூனிட் இழுத்தன என்றும், 2030-இல் அது 94,500 கோடியாகலாம் என்றும் சர்வதேச எரிசக்தி முகமை 2025-இல் மதிப்பிட்டது. ஏஐ இதில் ஒரு பங்குதான், ஆனால் வேகமாக வளரும் பங்கு.

தமிழ்நாட்டில் எந்தக் காகிதத்தைத் தேடுவது

20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் கட்டப்படும் கட்டடத்துக்குச் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டும், பெரிய டேட்டா சென்டரும் இதில் அடங்கும். மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் விண்ணப்பமும் இணைப்புகளும் கிடைக்கும். அதில் நேராக ‘வாட்டர் பேலன்ஸ்’ என்ற வரைபடத்துக்குப் போங்கள்: எந்த மூலத்திலிருந்து எத்தனை கிலோலிட்டர் வருகிறது, டவருக்கு எவ்வளவு, கழிப்பறைக்கு எவ்வளவு, எவ்வளவு மறுபடி பயன்படுகிறது என்று அம்புக்குறிகளோடு இருக்கும். மெகாவாட்டைப் பார்த்து நம் ஒன்றரை லிட்டர் கணக்கோடு ஒப்பிடுங்கள். கணக்கு இடித்தால், காற்றுக் குளிர்விப்பா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கேள்வி கேட்க வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. பங்குச் சந்தையின் முதல் 1,000 நிறுவனங்கள் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி தரும் பிஆர்எஸ்ஆர் என்ற பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கையில், எடுத்த நீர் மூலவாரியாகவும் நுகர்ந்த நீர் மொத்தமாகவும் இருக்கும். ஆனால் அது நிறுவனம் முழுவதற்குமான கூட்டல், ஒரு கட்டடத்தைத் தனியே காட்டாது.

நிலத்தடி நீர் என்றால், அந்தக் குறுவட்டம் ‘அதிநுகர்வு’ (ஊறுவதைவிட அதிகமாக எடுக்கும்) வகையில் இருக்கிறதா என்று நிலத்தடி நீர் மதிப்பீட்டில் பாருங்கள். தமிழ்நாட்டில் இந்த மதிப்பீடு குறுவட்ட அளவில் செய்யப்படுகிறது. குடிநீர் வாரியத்தின் குழாய்நீரா, கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தருகிறார்களே, அந்த வகை நீரா என்பது அடுத்த கேள்வி. சுத்திகரித்த கழிவுநீரில் ஓடும் டவரைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை.

இவையெல்லாம் கட்டுவதற்கு முன் சொன்ன எண்கள். ஓடத் தொடங்கியபின் உண்மையில் எவ்வளவு போகிறது என்று அறிய, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தோடு நீர் வழங்கும் அமைப்பிடம் விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வணிக ரகசியம் என்று 8(1)(ஈ) பிரிவைக் காட்டி மறுக்கக்கூடும். ஆரிகன் மாநிலத்தின் தி டேல்ஸ் நகரமும் இதையேதான் சொன்னது: கூகுளின் நீர்ப் பயன்பாடு வணிக ரகசியம் என்று, கேட்ட செய்தித்தாளின் மீது வழக்கே தொடுத்தது. 2022 டிசம்பரில் சமரசமாகி எண்கள் வெளிவந்தபோது, 2021-இல் கூகுள் எடுத்தது ஊரின் மொத்தப் பயன்பாட்டில் கால்வாசிக்கு மேல் என்று தெரிந்தது. நம் சட்டத்தின் அதே பிரிவு, பெரும் பொதுநலன் இருந்தால் தகவலைத் தரலாம் என்றும் சொல்கிறது. அந்த வரியை விண்ணப்பத்திலேயே முன்கூட்டி எழுதிவிடுவது நல்லது.

ஆண்டுக் கூட்டலைக் கேட்காதீர்கள். கேள்வியை இப்படி எழுதலாம்: “மேற்படி முகவரியிலுள்ள இணைப்புக்கு, கடந்த மூன்று ஆண்டுகளில், மாதவாரியாக, குழாய் இணைப்பு, லாரி, சுத்திகரித்த கழிவுநீர் ஆகிய ஒவ்வொரு மூலத்திலிருந்தும் வழங்கப்பட்ட நீரின் அளவைக் கிலோலிட்டரில் தெரிவிக்கவும். அதே காலத்தில், ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மாதங்களில், அப்பகுதியின் குடியிருப்புகளுக்கு வழங்கப்பட்ட நீரின் அளவையும் தனியாகத் தெரிவிக்கவும்.”